ஆர் பாக்கிறது?

எங்கட ஊரில் வயசுபோன ஒருவர் விழுந்து படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டு வருகிற சனம் இரண்டு கேள்வி கேட்கும். முதலாவது, "இப்ப எப்பிடி?" இரண்டாவது, "ஆர் பாக்கிறது?"

முதல் கேள்விக்கு நீளமாகப் பதில் சொல்லலாம். டொக்டர் சொன்னது, ஸ்கானில் தெரிந்தது, நேற்றுக் கஞ்சி குடித்தது, இன்றைக்குக் குடிக்காதது. இரண்டாவது கேள்விக்கு ஒரே ஒரு பெயர்தான் பதில். "மூத்தவள்தான் பாக்கிறாள்." "கடைசிப் பிள்ளையோட இருக்கிறா." பிள்ளைகள் எல்லாரும் முறை வைத்துப் பார்க்கிறார்கள் என்று ஒருவரும் பதில் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஒரு பெயர் கிடைத்தவுடன் வந்தவர்கள் தலையாட்டிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்கள்.

எங்கட வீட்டில் அந்தப் பெயர் அம்மாவின்ர. படுத்திருப்பது அம்மம்மா. எழுதுகிற நாங்கள் இந்த வீட்டின் மூன்று பேரப்பிள்ளைகள். அக்கா வேலைக்குப் போகிறா. தம்பி ஏ.எல். எழுதிவிட்டு றிசல்ட் பார்த்துக்கொண்டிருக்கிறான். நடுவில் உள்ள ஆள் கலைப்பீடத்தில் மூன்றாம் வருஷம். ரைப் பண்ணியது கம்பஸ் போகிற ஆள் என்றாலும், கதை மூன்று பேருக்கும் பொது. மூன்று பேரும் வாசித்து, அம்மாவுக்கும் வாசித்துக் காட்டின பிறகுதான் அனுப்புகிறோம்.

முதலில், ஏன் அம்மா? அம்மம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். ஒருவர் சண்டைக் காலத்தில் போய்விட்டார். பெரியமாமா கனடா, பெரியம்மா லண்டன், இரண்டு மாமாமார் சுவிஸ்சிலும் பிரான்சிலும், ஒரு மாமா கொழும்பில். மிச்சம் அம்மா, கடைக்குட்டி. ஆனால் ஆட்கள் எல்லாரும் போய் அம்மா மிஞ்சினது மட்டும் காரணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குப் போகும். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும் சீதனம் பெண்பிள்ளைக்குரிய சொத்தாகத்தான் வருகிறது. தாய்தகப்பன் இருக்கிற வீட்டைக் கடைசி மகளுக்கு எழுதிவிட்டு, அவர்கள் அதே வீட்டின் ஒரு அறையில் கடைசிவரை இருப்பார்கள். உறுதியில் வளவின் எல்லை, கிணற்றுப் பங்கு, பாதை உரிமை எல்லாம் விபரமாக இருக்கும். தாயைப் பார்க்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

மட்டக்களப்பில் இருந்து வந்து எங்களோடு படிக்கிற சிநேகிதிகளும் இதே கதைதான் சொல்கிறார்கள். அங்கேயும் வீடு மகளுக்கு. தெற்காசியாவில் முதியோரைப் பராமரிப்பது மருமகள் என்று புத்தகங்களில் வாசிக்கும்போது எங்களுக்கு அது பக்கத்து நாட்டுக் கதை போல இருக்கும். இங்கே அது மகள். மகளாக இருப்பதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மருமகள் சலித்தால் "மாமியார்தானே" என்று ஊர் விளங்கிக்கொள்ளும். மகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

அம்மம்மாவுக்கு இப்ப 82 வயது. நாலு வருஷத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மறதி. அம்மா காலமை நாலரைக்கு எழும்புவா. பம்பஸ் மாற்றி, சுடுதண்ணியில் துடைத்து, நாரியிலும் குதிக்காலிலும் தோல் சிவந்திருக்கோ என்று பார்ப்பா. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இரவிலும்தான். சாப்பாட்டை அரைத்து, தலையை உயர்த்தி வைத்து, புரையேறாமல் கரண்டி கரண்டியாகப் பருக்க வேண்டும். ஒரு நேரச் சாப்பாட்டுக்கு முக்கால் மணித்தியாலம் போகும். 2022 இல் சாமான்கள் தட்டுப்பாடான காலத்தில் பம்பஸ் விலை எகிறின நேரம், அம்மா பழைய சேலைகளைக் கிழித்துத் தைத்துப் பாவித்தா. தோய்த்ததும் அவதான்.

பின்னேரம் ஆறு மணியானால் இன்னொரு வேலை தொடங்கும். அம்மம்மா இடக்கையால் போர்வையைச் சுருட்டி மூட்டையாக்கிக்கொண்டு, "வெளிக்கிடுங்கோ, வீட்டை போவம்" என்பா. மறதி நோய் உள்ளவர்களுக்குப் பொழுதுபடுகிற நேரம் குழப்பம் கூடுவது வழமை என்று டொக்டர் சொன்னார். அம்மாவிடம் அதோடு சேர்த்து வேறொரு விளக்கமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது, அம்மம்மா தன்னுடைய தாயைச் சைக்கிள் கரியரில் இருத்தி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செம்மணி வெளியால் சனத்துக்குள் உருட்டிக்கொண்டு போனவவாம். வரமாட்டோம் என்று வீடுகளிலேயே இருந்துவிட்ட வயசாளிகளும் அந்த இரவில் இருந்தார்கள். ஆரைக் கூட்டிக்கொண்டு போனது, ஆரை விட்டிட்டுப் போனது என்பது இன்றைக்கும் எங்கட சனம் சத்தம் போடாமல் எண்ணிப் பார்க்கிற கணக்கு. போர் தனி ஆட்களோடு சேர்த்துக் குடும்பத்தையும் சமூகத்தையும் காயப்படுத்தியது என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் நீண்ட காலமாக எழுதி வருகிறார். எங்களுக்கு அந்த வாக்கியம் விளங்கினது அம்மம்மாவின் போர்வை மூட்டையைப் பார்த்துத்தான்.

"அவ தன்ர தாயை விட்டிட்டு வரேல்லை. நான் எப்பிடி விடுறது?" இது அம்மா அடிக்கடி சொல்கிற வசனம். பண்பாட்டு நம்பிக்கை என்றவுடன் எல்லாரும் கோயிலையும் புராணத்தையும் நினைப்பார்கள். அம்மாவின் நம்பிக்கையில் பாதி சமயத்தில் இருந்து வந்தது. மற்றப் பாதி அந்தச் சைக்கிளில் இருந்து வந்தது.

மன அழுத்தம் பற்றிப் படிக்கும்போது ரிச்சர்ட் லாசரஸ், சூசன் போக்மன் என்ற இருவர் 1984 இல் எழுதிய புத்தகம் கட்டாயம் வரும். அவர்கள் சொல்வது இதுதான். ஒரு நிலைமை தன்பாட்டில் அழுத்தமாக மாறுவதில்லை. ஆள் அதை முதலில் எடைபோடுகிறார்: இது எனக்கு ஆபத்தா, இழப்பா, சமாளிக்கக்கூடிய ஒன்றா? பிறகு தன் கையில் என்ன இருக்கிறது என்று எடைபோடுகிறார்: காசா, ஆளா, பொறுமையா, நேரமா? இந்த இரண்டு நிறுவைக்கும் பிறகுதான் அழுத்தம் எவ்வளவு என்பது முடிவாகிறது. நம்பிக்கை இந்த இரண்டு தராசிலும் கை வைக்கும். "இது சுமை" என்பதை "இது புண்ணியம்" என்று மாற்றிச் சொல்லித்தரும். அதே நேரம் "உதவி கேட்டால் வெட்கம்" என்று சொல்லி, கையில் இருப்பதையும் குறைத்துவிடும்.

பராமரிப்பவரின் சுமையை அளக்க ஸ்டீவன் சாரிட் என்பவரும் கூட்டாளிகளும் 1980 களில் உருவாக்கிய ஒரு கேள்விக்கொத்து இருக்கிறது. இப்ப பரவலாகப் பாவிக்கப்படுவதில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 இல் இருந்து 4 வரை புள்ளி. மொத்தம் 88. கூடினால் சுமை கூட. ஒரு அசைன்மென்றுக்காக அதை எங்கட தமிழில் எழுதி, அடுப்படியில் வைத்து அம்மாவிடம் கேட்டோம். உங்களுக்கெண்டு நேரம் இல்லாமல் போயிட்டுதோ? "அப்பிடி ஒண்டும் இல்லை." உங்கட உடம்பு பழுதாப் போச்சுதோ? "ஆருக்குத்தான் வருத்தம் இல்லை?" கோவம் வருமோ? அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினா. "இதெல்லாம் ஒரு கேள்வியே? பெத்த தாயில எனக்கென்ன கோவம்?"

மொத்தப் புள்ளி 9. அந்தத் தாளின்படி அம்மாவுக்குச் சுமை என்று சொல்ல ஒன்றுமில்லை. அதே மாதம் கிளினிக்கில் அம்மாவின்ர பிறஷர்க் குளிசையை இரட்டிப்பாக்கினார்கள்.

தாளை மடித்து வைத்த பிறகு, ஒரு பத்து நிமிஷம் கழித்து, அம்மா எங்களைப் பார்க்காமல், தேங்காய் துருவிக்கொண்டே சொன்னா: "நேற்று இரவு மூண்டு தரம் எழுப்பினவ. மூண்டாந்தரம் நான் லைற்றைப் போடேல்லை. கொஞ்ச நேரம் இருட்டுக்குள்ளேயே நிண்டனான்."

அவ்வளவுதான். அதற்கு எத்தனை புள்ளி போடுவது?

கேள்விக்கொத்தில் பிழை இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அம்மா பொய் சொன்னா என்றும் சொல்ல வரவில்லை. தாயில் கோபம் வருகிறது என்று சொல்ல அம்மாவிடம் வசனம் இல்லை. எங்கட பாஷையில் தாய்க்குச் செய்வது கடமை, கடன், புண்ணியம், பாக்கியம். அதற்குள் களைப்புக்கு ஒரு சொல் வைக்க இடமில்லை. பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்பில் இருந்தே அம்மாவும் அப்பாவும் தெய்வம் என்று ஒப்பிக்கிறோம். தெய்வத்துக்குப் பம்பஸ் மாற்றுகிற நேரம் மூக்கைச் சுளிக்கலாமோ என்று அந்தப் பாடத்தில் இல்லை.

அதற்காக நம்பிக்கைகளை எல்லாம் தூக்கி எறிய வேண்டும் என்று எழுதினால் அதுவும் சரியாக இருக்காது. எங்கட வீட்டில் அவை என்ன செய்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

வினையை எடுப்போம். "போன பிறப்பில நான் அவவுக்குக் கடன்பட்டிருக்கிறன், இப்ப கட்டுறன்" என்று அம்மா சொல்லுவா. முதலில் இதைக் கேட்கக் கவலையாக இருந்தது. பிறகு கவனித்தால், அம்மா இதைச் சொல்வது கூடக் களைத்த நாட்களில். கடன் என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்கிறது. கட்டிக்கொண்டே போனால் ஒருநாள் தீரும். முடிவே தெரியாத ஒரு வேலைக்கு அந்தச் சொல் ஒரு கரையைக் காட்டுகிறது. ஆனால் அதே வசனத்தைப் பார்க்க வந்த ஒரு மாமி கட்டில் காலடியில் இருந்துகொண்டு சொன்னா: "என்ன பாவம் செய்தாவோ, இப்பிடிக் கிடந்து உத்தரிக்கிறா." அன்றைக்கு முழுக்க அம்மா கதைக்கவில்லை. தனக்குத் தானே சொல்லும்போது மருந்தாக இருக்கிற சொல், மற்றவர் வாயில் இருந்து வந்தால் தீர்ப்பாகிவிடுகிறது.

கோயிலை எடுப்போம். அம்மா கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிப்பா. வெறும் வயிற்றோடு அம்மம்மாவைத் தூக்கிப் பக்கம் மாற்றுவதைப் பார்க்க எங்களுக்குப் பயம். ஆனால் வெள்ளிக்கிழமைப் பின்னேரம் கோயிலுக்குப் போகிற ஒன்றரை மணித்தியாலம்தான் அம்மாவின்ர ஒரே லீவு. "தாயைப் போட்டிட்டுப் படம் பாக்கப் போறாள்" என்று சொல்லக்கூடிய ஊர், "கோயிலுக்குப் போறாள்" என்றால் வாயே திறக்காது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் அம்மா போக வேண்டும் என்று நாங்களே முறை போட்டு அனுப்புகிறோம். அம்மா சாமி கும்பிடுகிறாவோ, வீதி மணலில் இருந்து கச்சானைச் சாப்பிட்டுக்கொண்டு சிநேகிதிகளோடு கதைக்கிறாவோ தெரியாது. திரும்பி வரும்போது முகம் வேறாக இருக்கும். பாஷையூரில் இருக்கிற எங்கட சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் இதையே சிலுவை என்று சொல்லுகிறார்கள், செபமாலை முடிந்து பெண்கள் ஒன்றாக இருக்கிற நேரம்தான் அவளின் தாய்க்கும் மூச்சு விடுகிற நேரம். சாமி வேறு. லீவு எடுக்கிற வழி ஒன்று.

அறளையை எடுப்போம். வயசுபோனால் அறளை பேரும் என்பது எங்கட பக்கத்து அறிவு. இதில் ஒரு நன்மை இருக்கிறது. மறதி வந்தவரை ஒருவரும் விசர் என்று ஒதுக்குவதில்லை. அம்மம்மா எங்களை "நீர் ஆர்?" என்று கேட்டால் வந்திருப்பவர்கள் சிரித்துக்கொண்டு ஒத்துப் பாடுவார்கள். ஆனால் அதே சொல் கதவையும் சாத்தும். போன வருஷம் ஒரு கிழமைக்குள் அம்மம்மா திடீரென்று கூடக் குழம்பி, இரவு முழுக்கக் கத்தி, ஆரோ வந்து நிற்கிறார்கள் என்று சுவரைக் காட்டினா. வந்தவர்கள் எல்லாரும் "அறளை முத்திட்டுது, இனி இப்பிடித்தான்" என்றார்கள். ஒழுங்கைக்குள் இருக்கிற, ஓய்வுபெற்ற தாதி ஒருவர்தான் "இது திடீரெண்டு வந்ததெல்லே, சலத்தை ரெஸ்ற் பண்ணுங்கோ" என்றவர். சிறுநீர்த் தொற்று. அன்ரிபயோட்டிக் கொடுத்து ஒரு கிழமையில் பழைய நிலைக்கு வந்தா. வயசுபோனவர்களில் திடீர்க் குழப்பத்துக்குத் தொற்று, தண்ணீர் குறைவு, மருந்து ஒத்துக்கொள்ளாமை போன்ற காரணங்கள் இருக்கலாம். மெல்ல வருகிற மறதிக்குப் பின்னாலும் சிலவேளை தைரொயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு இருக்கும். இவை மருந்துக்குக் கேட்கக்கூடியவை. அறளை என்ற சொல்லை அன்புக்கு வைத்துக்கொள்ளலாம். நோயைக் கண்டுபிடிக்கிற வேலையை அதனிடம் கொடுக்கக் கூடாது.

கடைசியாக ஊர் வாய். கைதடியில் முதியோர் இல்லம் இருக்கிறது. எங்கட வீட்டுப் பக்கம் "கைதடி" என்பது ஊர்ப்பெயராக மட்டும் இல்லை, அது ஒரு பேச்சு. "கடைசியில என்னைக் கைதடியில விடுவியள்" என்று தாய்மார் பிள்ளைகளை வெருட்டுவார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்தால், "காசு குடுத்துத் தாயைப் பாக்கினம்" என்று கதை வரும். காசு கொடுத்து ரியூசன் படிப்பிக்கிறோம், காசு கொடுத்துச் சோறு சமைப்பித்துக் கலியாணம் செய்கிறோம். தாயின் முதுகைத் துடைக்க மட்டும் காசு கொடுக்கக் கூடாது.

இந்த நம்பிக்கைகள் சுமையைக் குறைக்குமா கூட்டுமா என்பது ஆராய்ச்சிக்காரருக்கும் எளிதான கேள்வியாக இருக்கவில்லை. குடும்பப் பற்று கூடின சமூகங்களில் பராமரிப்பவருக்குச் சுமை குறைவாகத் தெரியும் என்றுதான் பலர் முதலில் எதிர்பார்த்தார்கள். பொப் நைற், பிலிப் சயே என்ற இருவர் அமெரிக்காவின் பல இனக்குழுக்களில் நடந்த ஆய்வுகளை மீளப் பார்த்து 2010 இல் எழுதின கட்டுரை, அந்த எதிர்பார்ப்பு அப்படி நேராகப் பலிக்கவில்லை என்கிறது. பண்பாட்டு விழுமியம் சுமையை நேரடியாகத் தொடுவதை விட, எப்படிச் சமாளிக்கிறார், எவ்வளவு துணை கிடைக்கிறது என்ற வழிகளால்தான் போய்ச் சேர்கிறது. எங்கட அடுப்படிக்கு மொழிபெயர்த்தால்: கடமை என்ற சொல்லோடு கைகளும் வந்தால் அது தாங்கும். சொல் மட்டும் வந்தால் அழுத்தும்.

அந்தக் கைகள் எங்கே போனது? அம்மம்மா தன் தாயைப் பார்த்த காலத்தில் அந்த வளவுக்குள் மூன்று வீடு, ஒரு கிணறு, ஐந்து பெண்கள். கடமை அன்றைக்கும் ஒருத்திக்குத்தான். ஆனால் அவள் குளிக்கப் போகும்போது இன்னொருத்தி கட்டிலடியில் இருப்பாள். இடப்பெயர்வும் வெளிநாடும் அந்த வளவைப் பிரித்துவிட்டன. கடமையை மட்டும் ஒருவரும் பிரிக்கவில்லை. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 12.4 வீதம், அதன் பிறகு அந்தப் பங்கு கூடிக்கொண்டே போகிறது. அம்மம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். அம்மாவுக்கு நாங்கள் மூன்று பேர். எங்களுக்கு எத்தனை?

வெளிநாட்டில் இருக்கிறவர்களைக் குற்றம் சொல்லி இதை முடித்துவிடலாம். அது சுலபம், நியாயமில்லை. மாதா மாதம் காசு வருகிறது. பெரியமாமா இரண்டு வேலை செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மம்மா அவரைப் பார்த்து "இவர் ஆர்?" என்று கேட்டபோது போனைச் சீலிங் பக்கம் திருப்பிவிட்டு அழுதார். அவரின் சுமைக்கும் ஒரு கேள்விக்கொத்து வேண்டும். ஆனால் அவர்கள் எல்லாரும் போனில் சொல்கிற ஒரு வசனம் இருக்கிறது. "தங்கச்சி, நீ குடுத்து வைச்சனி. அம்மாவோட இருக்கிறாய். எங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை." உண்மையான மனத்தோடு சொல்வதுதான். ஆனால் பாக்கியசாலி ஒருத்தி எப்படி "எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று திரும்பிச் சொல்லுவாள்? அந்தப் புகழ்ச்சியோடு அம்மாவின் வாய் அடைபட்டுப்போகும்.

மரண அறிவித்தல்களைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ் என்று வரிசையாக வரும். அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடிப்பார்கள், மண்டபம் எடுத்து ஊருக்கே சாப்பாடு கொடுப்பார்கள். நாலு வருஷம் இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் எழும்பின பிள்ளையின் பெயரும் அந்த வரிசையில்தான் நிற்கும், அடைப்புக்குறிக்குள் இலங்கை என்று. செத்த பிறகு செய்கிற செலவில் ஒரு பங்கு, உயிரோடு இருக்கும்போது ஒரு இரவு நித்திரையாக வந்திருக்கக் கூடாதா?

சட்டத்தையும் தேடிப் பார்த்தோம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது என்கிறது. கைவிட்டால் பராமரிப்புச் சபையிடம் போகலாம். நல்ல சட்டம், தேவையான சட்டம். ஆனால் அதில் பிள்ளை என்றால் கடமைப்பட்ட ஆள் மட்டும்தான். கைவிடாத பிள்ளைக்கு நாரி நோகுமோ என்று அது யோசிக்கவில்லை. சட்டத்துக்கும் ஊருக்கும் இந்த விஷயத்தில் ஒரே கேள்விதான்: ஆர் பாக்கிறது?

இரட்டிப்பான அந்தக் குளிசைக்குப் பிறகு எங்கட வீட்டில் சில விஷயங்கள் மாறின. அம்மாவின் நம்பிக்கையை மாற்ற நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. ஆட்களின் எண்ணிக்கையைத்தான் மாற்றினோம்.

தம்பி இரவு பன்னிரண்டு மணிப் பக்கம் மாற்றுவதையும் இரண்டு மணிப் பக்கம் மாற்றுவதையும் எடுத்தான். "ஆம்பிளைப் பிள்ளை உதுகள் செய்யிறதே" என்று முதலில் மறுத்தது அம்மா. அடுத்ததாக மறுத்தது அம்மம்மா. எவ்வளவு மறந்தாலும், ஒரு பொடியன் தன்னைத் தூக்குகிறான் என்றால் அம்மம்மா இடக்கையால் சட்டையை இழுத்து மூடுவா. அது அவவின் மானம். பார்க்கிறவர்களுக்கு மட்டும் பண்பாடு இருப்பதில்லை, படுத்திருப்பவருக்கும் இருக்கிறது. அதனால் துடைப்பதும் உடுப்பு மாற்றுவதும் அம்மாவுக்கும் எங்கள் இரண்டு பெண்களுக்கும். பக்கம் மாற்றுவது, கஞ்சி காய்ச்சுவது, கிளினிக் நம்பர் எடுக்க விடிய முன்னம் போய் நிற்பது தம்பிக்கு. தூக்கும்போது போர்வையால் கழுத்துவரை மூடிவிட்டு, "எணை அம்மம்மா, திரும்புவமே?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடுவான். இப்ப அம்மம்மா சட்டையை இழுப்பதில்லை.

கிழமைக்கு இரண்டு நாள் ஒரு அக்கா வந்து உதவுகிறா. அதற்குச் சம்பளம் கொடுப்பதைப் பெரியம்மா போனில் எதிர்த்தா. "சனம் என்ன சொல்லும்?" அக்காதான் பதில் சொன்னா. "பெரியம்மா, சனம் இரவு ரெண்டு மணிக்கு வாறேல்லை." ஒரு நிமிஷம் லைன் அமைதி. அடுத்த மாதத்தில் இருந்து அந்தச் சம்பளத்தைப் பெரியம்மாவே அனுப்புகிறா. ஊரில் கதை வந்ததுதான். மூன்று கிழமையில் வேறு வீட்டுக் கதைக்குப் போய்விட்டது.

கொழும்பு மாமா இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் வந்து நாலு நாள் நிற்கிறார். முதல்தரம் வந்தபோது அம்மாவை உரும்பிராயில் இருக்கிற சிநேகிதி வீட்டுக்கு அனுப்பினோம். அம்மா போய் அரைமணிக்கு ஒருக்கால் போன் எடுத்தா. இரண்டாம்தரம் மூன்று தரம்தான் எடுத்தா. அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். "படுத்தனான்" என்றா.

இதெல்லாம் சின்ன ஏற்பாடுகள். எல்லா வீட்டிலும் மூன்று பேரப்பிள்ளைகள் இல்லை, காசு அனுப்ப லண்டன் இல்லை. கணவனும் இல்லாமல், பிள்ளையும் இல்லாமல், தாயோடு தனியாக இருக்கிற பெண்கள் எங்கட ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அப்படியானவர்களுக்குப் பேரப்பிள்ளைகளால் முறை போட முடியாது. ஊர்ச் சங்கமும் சனசமூக நிலையமும் கோயிலும்தான் போடவேண்டும். திருவிழாவுக்கு உபயகாரரை நாள் பிரித்து எழுதத் தெரிந்த ஊருக்கு, ஒரு கட்டிலுக்கு நாள் பிரிக்கத் தெரியாதா? இளைஞர்கள் இரத்ததானம் வைக்கிறோம், சிரமதானம் வைக்கிறோம். ஒரு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஒரு வீட்டில் போய் இருந்து, பார்க்கிற பெண்ணை வெளியே அனுப்பலாம். வாசிக்கிறவர்கள் அடுத்த முறை ஆரையாவது பார்க்கப் போனால், பழமும் ஹோர்லிக்ஸும் கொண்டுபோவதோடு சேர்த்து, "நான் ஒரு மணித்தியாலம் இருக்கிறன், நீங்கள் போய்ப் படுங்கோ" என்று சொல்லிப் பாருங்கள்.

போன மாதம் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. வந்தவர்கள் வீடு ஆருக்கு என்று கேட்டார்கள். மூத்தவளுக்குத்தான் என்று அம்மா சொன்னா. அவர்கள் போன பிறகு, சாப்பிட இருந்த நேரம் அக்கா கேட்டா: "அப்ப உங்களை நான்தான் பாக்கிறதோ அம்மா? உறுதியில அதையும் எழுதுவியளோ?" பகிடியாகத்தான் தொடங்கினா, முடிக்கும்போது பகிடி இல்லை. தம்பி, "மூண்டாப் பிரிச்சு எழுதுங்கோ, வீட்டையும் பாக்கிறதையும்" என்றான்.

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தா. "என்னைக் கைதடியில விடுங்கோ" என்றா. இந்த வசனத்தைச் சின்னனில் இருந்து எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். வழமையாக அதில் ஒரு வெருட்டல் இருக்கும். அன்றைக்கு அது இருக்கவில்லை. "உண்மையாத்தான் சொல்லுறன். ஒருக்காப் போய்ப் பாப்பம், அங்க எப்பிடி எண்டு. நீங்களும் வாங்கோ" என்றா.

உள்ளே அம்மம்மா போர்வையைச் சுருட்டத் தொடங்கியிருந்தா. அக்கா கை கழுவிக்கொண்டு எழும்பினா. அன்றைக்குப் புதன்கிழமை, அக்காவின் முறை.